லூயி கடித்த ஒன்பதாம் நாள்

மேல்பிரிவு லயம்
பொகவந்தலாவை
12.8.1958, செவ்வாய்

அன்பு மகன் அழகுமுத்துவுக்கு அப்பா நல்லமுத்து ஆசியுடன் எழுதுவது. நீ கொழும்பில் நோய் நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை இருக்கட்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன், அந்த ஒரு வரி மட்டும் இன்றைக்கு வரமாட்டேன் என்கிறது. உன் தங்கை பூரணியை நம் லூயி கடித்துவிட்டது ராசா. இன்றோடு ஒன்பது நாள். நேற்று நாய் செத்துப்போனது. அதற்கு வெறி பிடித்திருந்தது.

முழுவதையும் சொல்லிவிடுகிறேன், திட்டுவதாக இருந்தால் பிறகு திட்டு. போன வாரம் திங்கட்கிழமை நானும் அம்மாவும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பிறகு பூரணி அதற்கு ரொட்டித் துண்டு வைத்திருக்கிறாள், வாலை ஆட்டிக்கொண்டு வந்த நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது, நான்கு பல் ஆழமாக இறங்கியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், போய் டிஸ்பென்சர் கஸ்பர் ஐயாவிடம் முள்ளுக்கம்பி கிழித்துவிட்டது என்று சொன்னேன். பிள்ளையையும் அப்படியே சொல்ல வைத்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். லயத்து வீடுகளில் நாய் வைக்கக்கூடாது என்று துரை சட்டம் போட்டு, வருஷா வருஷம் துப்பாக்கியோடு ஆள் வரும்போதெல்லாம் நீயும் நானும்தானே லூயியை விறகுக்கு அடியில் சாக்குப் போட்டு மறைத்தோம். அது தெரிந்தால் நாயையும் சுடுவார்கள், என்னையும் தேயிலை ஸ்டோரிலிருந்து விரட்டுவார்கள் என்று பயந்தேன். ஐயா நான் சொன்னதை நம்பி டிங்சர் தடவி அனுப்பினார். நாயைக் காப்பாற்றப் பார்த்தேனே தவிர பெற்ற பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னை மாதிரி மடையன் இந்த மலையிலேயே இருக்கமாட்டான்.

வெள்ளிக்கிழமை லூயி தண்ணீரைக் கூடக் குடிக்கவில்லை, வாயைத் திறந்தபடி எச்சிலாக வடித்தது, தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்றுதான் நினைத்தோம். வாய்க்குள் பார்த்தால் எலும்பு எதுவும் இல்லை. பிறகு சுவரைக் கடித்தது, கட்டின கயிற்றைக் கடித்தது, நேற்று மத்தியானம் கால் இழுத்துக்கொண்டு அடங்கிவிட்டது. சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். இன்று காலையில் கஸ்பர் ஐயா முன்னால் போய் நின்று உண்மையைச் சொன்னேன். ஏன்யா நல்லமுத்து, எட்டு நாளு பொத்தி வச்சிட்டு இப்பத்தான் வாறியா, அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த நாயக் கட்டிவச்சுப் பாத்திருக்கலாம், செத்ததும் தலையச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பியிருக்கலாம், பச்சப்புள்ளய வச்சு வெளயாடுறியாய்யா என்று கத்தினார். கத்தியவர் பிறகு அவரே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, ஒரு நாள் தவறக்கூடாது, மருந்து இங்கே இல்லை, கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோ என்று கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்த நாய்க்குப் பெயர் வைத்தது நீ. அம்மை குத்த ஆள் வந்தால் கொழுந்து மலைக்குள் ஓடி ஒளிகிற எங்களுக்கு, மாட்டம்மையிலிருந்து மருந்து எடுத்த வெள்ளைக்காரர் கதையைப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டினாயே, அதற்கு அடுத்த பாடம்தான் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் பெயரை நாய்க்கு வைத்துவிட்டு, இனி நம்ம நாய் யாரையும் கடிக்காதுப்பா என்று நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். இப்போது அந்தப் பாடத்தைத்தான் காலையிலிருந்து மனதுக்குள் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். அந்த மனிதர் வைத்தியர்கூட இல்லை, முயலையும் நாயையும் வைத்துத்தான் மருந்தைச் சோதித்திருந்தார், பதினான்கு இடத்தில் கடிபட்ட பையனை அவனுடைய தாய் கூட்டிக்கொண்டு வந்து அழுதபோது துணிந்து ஊசி போட வைத்தார், பையன் பிழைத்தான். எல்லாம் சரி ராசா. ஆனால் அந்தத் தாய் மூன்றாம் நாளே போய்விட்டாள். எனக்கு இது ஒன்பதாம் நாள். ஒன்பதாம் நாள் வந்தவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஏதாவது போட்டிருக்கிறதா? நீ மருந்துக் கடையில் வேலை செய்கிறாய், படித்தவர்கள் வருவார்கள், யாரிடமாவது கேள். கஸ்பர் ஐயாவிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

தந்தியில் இவ்வளவும் அடங்காது என்றுதான் லொறி டிரைவர் லியனார்டிடம் இதைக் கொடுக்கிறேன், சாயங்காலம் லொறி எடுக்கிறார், விடிவதற்குள் உன் கையில் தருவதாகச் சத்தியம் பண்ணியிருக்கிறார். நாளைக் காலை அட்டனில் அம்மாவையும் பூரணியையும் ரயில் ஏற்றிவிடுவேன். கோட்டை ஸ்டேஷனில் நீ நிற்கவேண்டும், வேலை போனாலும் போகட்டும், நிற்கவேண்டும். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை சிங்களம் தெரியாது, கலவரம் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்று அம்மா நடுங்குகிறாள், கினிகத்தேனையில் பார்வை பார்க்கிறவரிடம் போய் மந்திரித்துக் கயிறு கட்டினால் போதாதா என்று அழுகிறாள். கயிற்றையும் கட்டிக்கொள்ளட்டும், ஊசிதான் முக்கியம். பூரணிக்கு எதுவும் தெரியாது. லூயி காட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறோம். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று ரொட்டி சுட்டு எடுத்து வருகிறாள்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்பாய். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு லீவு இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமை எலும்பைத் தேடி லூயியின் வாய்க்குள் கையை விட்டது நான். வலது கையில் இரண்டு பல் பட்டிருக்கிறது, அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் பிள்ளையை விட்டுவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், பிறகு யாருமே ரயில் ஏறமாட்டோம். கஸ்பர் ஐயாவுக்கும் சொல்லவில்லை, சொன்னால் என்னையும் பூரணியையும் சேர்த்துத்தான் அனுப்புவார், அம்மாவுக்கும் தெரிந்துவிடும். பொய் சொல்லிப் பிள்ளையை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான், அவளுக்கு முன்னால் எனக்கு ஊசி விழக்கூடாது.

நீயும் தங்கையும் நூறு வயது இருக்கவேண்டும், அம்மாவை முகம் கோணாமல் பார்த்துக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, பூரணிக்கு முதல் ஊசி போட்ட உடனே எனக்குத் தந்தி அடி. அது வந்த பிறகுதான் நான் ரயில் ஏறுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அ. நல்லமுத்து