சத்தம் போடாத டயர்

ஜூன் 14, சனி

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கார் டயர் மாற்ற வேண்டும். நான்கும். இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்பார்கள். ஓடட்டும், யாருக்கு வேண்டும். எழுபதில் போனால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இரைச்சல்.

மாலதிக்கு ஜனவரியில் காது மெஷின் வைத்தது. வீட்டில், டியூஷனில், கோயிலில், எல்லா இடத்திலும் போட்டிருக்கிறாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கழற்றி டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுகிறாள். கேட்டால், "கார்ல போட்டா தலை வலிக்குதுங்க." அவ்வளவுதான் பதில்.

ஞாயிறுதோறும் முத்தாபுதுப்பேட்டை, அவள் அக்கா வீடு. கள்ளிக்குப்பத்திலிருந்து முக்கால் மணி நேரம். வாரமெல்லாம் எனக்குக் கம்பெனி, அவளுக்கு டியூஷன் பிள்ளைகள். நாங்கள் நிதானமாகப் பேசுவதே அந்தக் காரில்தான். ஐந்து மாதமாக அதுவும் இல்லை. அவள் பேச்சு இல்லாமல் அந்த ரோடு ரொம்ப நீளம்.

காரணம் டயர். இதற்கு டாக்டர் வேண்டாம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷமாக க்வாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளமே.

ஜூன் 15, ஞாயிறு

மேல் மாடி கார்த்திக் படியில் பிடித்துக்கொண்டான். ஐ.டி. "அங்கிள், டயர் பத்தி ஐம்பது வீடியோ பார்த்துட்டேன், நான் சொல்றேன் கேளுங்க." சொந்த வண்டிக்குக் காற்று எவ்வளவு என்று கேட்டேன். "அது பங்க்ல பார்த்துப்பாங்க அங்கிள்." இதுதான் ஐம்பது வீடியோவின் லட்சணம். போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்று ஏற்றிக் கொடுத்தான். அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மு.பேட்டை போய் வந்தோம். மா. மெஷின் பைக்குள். வழியில் தரிசனம் தந்தவர்கள்:

அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ்ஸைக் குறுக்கே போட்டுவிட்டு டீ குடித்த டிரைவர்.
திருமுல்லைவாயலில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிய அறிவாளி. மூளை அங்கே போலும்.
ஆவடியில் எதிர்த்திசையில் குடும்பத்தோடு வந்த கோடீஸ்வரன்.

ஒவ்வொருவனுக்கும் உரிய அர்ச்சனை செய்தேன். ஆப் காட்டியது 74 டெசிபல்.

ஜூன் 17, செவ்வாய்

பெர்மிஷன் போட்டு டயர் கடைகள். முதல் கடை, கண்ணாடிக் கதவு, டை கட்டிய ஆள். சத்தம் வரக்கூடாது என்றேன். ஆழ வெட்டின முரட்டு டயர் ஒன்றைத் தடவிக்கொடுத்து, "லுக் செமையா இருக்கும் சார்." நான் என்ன டயருக்குப் பெண்ணா பார்க்க வந்தேன்.

இரண்டாவது கடை. டயரின் பக்கவாட்டில் எந்த வாரம், எந்த வருஷம் தயாரித்தது என்று நான்கு எண் இருக்கும். பார்த்தேன். மூன்று வருஷச் சரக்கு. ரப்பர் இறுகியிருக்கும், இறுகினால் இரைச்சல். சொன்னேன். "ஏசி ரூம்ல வெச்ச டயர் சார்." டயருக்கு ஏசி. இவனுக்கு ஒரு ஃபேன் இல்லை.

ரசம் புளிப்பு. சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

சாயங்காலம் தூறல். பருத்திப்பட்டு, தயாளன் கடை. இன்று அடுக்குமாடி நிற்கிற இடத்தில் இவர்கள் குடும்பம் நெல் போட்டதாம். நான் எழுதிக்கொண்டு போன லிஸ்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னா சார் பிரச்சன?" சத்தம் என்றேன். "வண்டிய எடு சார். ஒரு ரவுண்டு போயினு வர்லாம்." கேட்காமல் ஏறி உட்கார்ந்தார்.

பூந்தமல்லி ரோட்டில் தண்ணி லாரி ஒன்று ஒடித்துத் திரும்பியது. நான் அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். தயாளன்: "சார், கொஞ்ச நேரம் திட்டாம ஓட்டு சார். டயர் சத்தம் காதுல வுய வாணாமா?" வாய்க்கொழுப்பு.

கடைக்கு வந்ததும் குந்தி டயரை உள்ளங்கையால் தடவினார். "பல்லு பல்லா தேஞ்சி கீது. முன்னாடி போட்டத பின்னாடி மாத்திப் போட்டதே இல்லியா நீ?" இல்லை. ஐந்து வருஷமாக இல்லை. இதை மா.விடம் சொல்லவில்லை.

கடைசியில் அவர் காட்டியதையே எடுத்தேன். நெருக்கமான சின்னக் கட்டங்கள், மெத்தென்ற பக்கவாட்டு, போன மாதத் தயாரிப்பு. "பாக்க சப்பையா கீதுன்னு நெனைக்காத. கம்முனு ஓடும்."

ஜூன் 21, சனி

மாட்டியாயிற்று. அலைன்மென்ட், பேலன்சிங். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்காமல் தயாளன் வண்டியை நகர்த்த விடவில்லை. மூன்று நசுங்கியது, ஒன்று உருண்டு சாக்கடைக்குள். "அத்தொன்னும் இல்ல சார், போ."

தனியாக ஆவடி வரை ஓட்டிப் பார்த்தேன். ரோடு இருப்பதே தெரியவில்லை. 67. சந்தோஷம். வாய்விட்டுச் சிரித்தேன், பைத்தியம் மாதிரி.

ஜூன் 22, ஞாயிறு

மா.வை மெஷின் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டாள். டியூஷனில் ஒரு வாண்டு பெருக்கல் வாய்ப்பாட்டைச் சினிமாப் பாட்டு மெட்டில் ஒப்பித்ததைச் சொன்னாள். பாடியே காட்டினாள். ஐந்து மாதம் கழித்து.

ஓ.டி.யில் பஸ். பிறகு ஒரு பைக். பிறகு ஒரு ஆட்டோ. திருமுல்லைவாயலில் திரும்பிப் பார்த்தால் மெஷின் டப்பாவில்.

ஓரங்கட்டினேன். போடச் சொல்லி ஜாடை காட்டினேன். போட்டாள். டயரே மாத்தியாச்சே, இன்னும் என்ன என்றேன்.

"டயர்னு நான் எப்பங்க சொன்னேன்? நீங்களாதான் சொன்னீங்க."

பின்னே என்ன.

"கண்ணாடிய ஏத்திட்டு திட்டுறீங்க. அவனுக்கு ஒண்ணும் கேக்காது. அத்தனையும் என் காதுலதான் விழுது. மெஷின் போட்டா ரெண்டு பங்கா விழுது." கோபம்கூட இல்லை அவள் குரலில். மெஷினைக் கழற்றி வைத்து டப்பாவை மூடினாள்.

பதில் சொல்லலாம் என்றால் கேட்காது. மீதி ரோடு ரொம்ப நீளம்.

ஜூன் 23, திங்கள்

கார்த்திக் ஆப்பைத் திறந்து நேற்றைய பதிவைப் பார்த்தான். "சூப்பர் அங்கிள், அடியில 67தான். நடுநடுவுல 90 வரைக்கும் போயிருக்கே, ஹார்னா?"

ஆமாம் என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

மேகமூட்டம். மு.பேட்டை. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே போட்டுக்கொண்டு வந்தாள். ஓ.டி.யில் அதே பஸ், அதே மடையன். வாய் வரை வந்ததை விழுங்கினேன். மா. சொன்னது, அக்கா வீட்டு நாய் குட்டி போட்ட கதை. மொத்தம் நாலு, ஒன்று மட்டும் கறுப்பு. டயர் சத்தமே இல்லை. ஆவடி தாண்டும்போது ஒரு ஷேர் ஆட்டோ, கையும் காட்டாமல், நேராக முன்னால். பிரேக். மூச்சை இழுத்தேன், அவ்வளவுதான். ஒரு வார்த்தை வரவில்லை, சத்தியமாக. திரும்பினால் அவள் கை அதற்குள் காது மெஷின் மேல் இருந்தது.