தையல்காரர் எழுதிய பதில்

மார்ச் 4, செவ்வாய்

மகள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். "போன்ல தேடினா நம்ம சாப்பாட்டுக் கடை வரவே மாட்டேங்குதும்மா. இந்தக் காலத்துல போன்ல இல்லாத கடை கடையே இல்ல." என் வீட்டுக்காரர் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "இருபத்திரண்டு வருஷமா வாய்ப்பேச்சுலயே ஓடுது. பசிச்சவனுக்கு வழி தெரியும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது என்று அவருக்கு நினைப்பு. ஆனால் அவள் யார் பெற்ற பிள்ளை? பிடிவாதத்தில் அப்பனை விட ஒரு பிடி அதிகம்.

எதிரில் இருந்த அலுவலகம் இடம் மாறிய பிறகு பத்து மேசையில் நான்கு மதியத்திலேயே காலி. அதை அவர் பார்ப்பதில்லை. அடுப்பைப் பார்த்து நின்றுவிட்டால் மற்றதெல்லாம் அவருக்கு முதுகுப்பக்கம்தான்.

மார்ச் 9

எனக்குப் பயம் வேறு. புது ஆட்கள் வந்தால் என்ன ஆகும்?

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவருடைய மூக்கையும் நாக்கையும் கொண்டுபோய்விட்டது. உப்பும் சர்க்கரையும் அவருக்கு இப்போது ஒன்றுதான். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். மகளிடம்கூடச் சொல்லவில்லை. அவர் கையளவில் போடுகிறார், காலையில் நான் ருசி பார்த்துச் சொல்கிறேன். மதியக் கூட்டத்தில் இரண்டாவது பானையைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்? இருந்தும் தெருக்காரர்கள் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. கை தப்பவில்லை என்று அதை வைத்துத்தான் தைரியமாக இருக்கிறோம். அடுப்படியை அவரிடமிருந்து எடுத்துவிட்டால் வேறென்ன மிச்சம் அந்த மனிதருக்கு.

மார்ச் 16

ஒரே மத்தியானத்தில் போனில் கடைக்கென்று ஒரு பக்கம் திறந்துவிட்டாள். அவரை அடுப்பருகில் நிறுத்திப் படமும் எடுத்தாள். கல்யாணப் படத்தில்கூட இப்படிச் சிரித்ததில்லை.

மார்ச் 29

கூட்டம். முன்பின் தெரியாத முகங்கள். பக்கத்துக் கடை தையல்காரர், கடை திறந்த நாளிலிருந்து மதியம் இங்கேயே சாப்பிடுகிறவர், இன்று இடமில்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டார். "இருக்கட்டும்மா, அண்ணன் கடை நல்லா ஓடினா சரி" என்றார்.

வேண்டாம் என்றவர்தான் இப்போது தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாப்பிட்டவர்கள் போனில் எழுதியிருப்பதையெல்லாம் சத்தமாக வாசிக்கிறார். ஒவ்வொன்றையும் இரண்டு முறை.

ஏப்ரல் 11

முதல் ஒற்றை நட்சத்திரம். "குழம்பில் முதல் நாள் கடல் உப்பு. மறுநாள் உப்பே இல்லை. சமைப்பவர் ருசி பார்ப்பதே கிடையாதா?"

வாசித்துவிட்டுச் சிரித்தார். "உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? வழியில போறவனுக்கு என்ன தெரியும். நம்ம தெரு ஆளுங்க யாராவது சொல்லட்டும், ஒத்துக்கறேன்." நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 13

இன்னும் மூன்று. எல்லாம் உப்புதான்.

ஏப்ரல் 17

எப்படி எழுதுவது—

காலையில் வாசித்துக்கொண்டிருந்தவர், "பாரு, தையல்காரன் நமக்காகச் சண்டைக்குப் போயிருக்கான்" என்று என்னைக் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு பெருமை. நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார்.

"ஐயா, நீங்கள் நேற்று வந்தவர். நாங்கள் இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறோம். இவரைப் போல மனசோடு சோறு போடுகிற ஆளைக் காட்டுங்கள் பார்க்கலாம். காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு ருசி தெரியாது. கெட்டுப்போன பாலில் காபி போட்டுக் கொடுத்த அன்றே எங்களுக்குப் புரிந்துவிட்டது. உப்புக் குறைந்தால் சட்டைப்பையில் பொட்டலம் வைத்திருக்கிறோம்—"

அதற்கு மேல் சத்தம் வரவில்லை. கண் மட்டும் ஓடியது. மீதியை நான் வாங்கி வாசித்தேன். "அவர் மனசு நோகக்கூடாது என்று தெருவில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீங்களும் கொஞ்சம் பொறுத்துப்போனால் என்ன?"

ஐம்பத்தெட்டு பேர் அதை விரும்பியிருந்தார்கள். போனைத் திரும்ப வாங்கி ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். தபால்காரர். மருந்துக்கடை அம்மா. பள்ளிக்கூட எழுத்தர். "உன் தம்பியும்" என்றார். அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். இன்று கடை இல்லை.

ஏப்ரல் 18

"நீ ருசி பாத்து சரியா இருக்குன்னு சொன்னதெல்லாம்? அதுவும் இப்படித்தானா?"

இல்லைன்னு சொன்னேன். சொன்னேனே தவிர... இங்கேயாவது உண்மையை எழுதித் தொலைக்கிறேன். சில நாள் காரம் தூக்கலா இருந்தும் சரின்னுதான் சொன்னேன். பானையோட கொட்டிட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரேன்னு. அந்த முகத்தப் பார்த்து எப்படிச் சொல்றது? நான் செஞ்சதும் தையல்காரர் செஞ்சதும் வேற வேறயா என்ன?

ஏப்ரல் 20

தையல்காரர் வந்தார். சாப்பிட உட்காரவில்லை. "நல்லதுதானம்மா நெனச்சேன். அதை அழிச்சிட்டேன்" என்றார். அழித்துவிட்டாராம்.  பின்கட்டைப் பார்த்து இவரைக் கூப்பிட்டேன், வரவில்லை.

மே 6

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு ஒரு சமையல்காரப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினாள். நல்ல கை. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் கரண்டியைக் கொடுத்துவிட்டுப் பின்கட்டில் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 2

தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர் கோபமாக இருக்கிறார் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவர் வெட்கப்படுகிறார் என்று எந்த வாயால் சொல்வேன்? மருந்துக்கடை அம்மா என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் நடக்கிறார்.

ஜூலை 22

பத்து மேசையும் நிறைந்து வாசலில் ஆள் நிற்கிறது. போனில் இப்போது நான்கரை நட்சத்திரம் என்று மகள் சந்தோஷமாகச் சொன்னாள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர், மூன்று மாதத்தில் முதல்முறையாகக் கேட்டார். "தையல்காரன் வந்தானா?"

தையல்காரர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. "வந்தாரு" என்றேன்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாரு. என்ன இருந்தாலும் அண்ணன் கை போல வராதுன்னாரு."

கத்தி ஒரு நொடி நின்றது. "அவன் அப்படித்தான் சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.