சாமைப் பைக்கு ஒரு படம்

செப். 8, திங்கள்

எட்டு மணிக்கே வெயில். கடை மின்விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லை.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதலாம். கடை திறந்த புதிதில் ஒருத்தர் வந்து லோகோ வேண்டும் என்றார். ஸ்டாக் தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வாங்க என்று அனுப்பிவிட்டேன். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு அவ்வளவுதான் தெரியும். மனுஷன் சொன்னபடி திங்கட்கிழமை வந்து நின்றார். அதுதான் கேவலம்.

இப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் லோகோவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. முறுக்கு, ஊதுபத்தி, செங்கல் சூளை, எல்லாம் என் கை. நான் வரைவேன், வீட்டுக்காரர் அச்சடிப்பார். கடைக்கு அவர் பெயர். அந்தக் கோபம் வேறொரு நாளைக்கு.

இப்பேர்ப்பட்ட என்னிடம் பூங்கொடி இன்று சொன்னது: "இது வாணாங்கா."

பூங்கொடி வெள்ளிமலைக்காரி. அங்கே மலைமேல் பத்துப் பெண்கள் சேர்ந்து சாமை அரிசியைப் பையில் போட்டு விற்கப் போகிறார்கள். முதல் தடவை. வெள்ளிக்கிழமைக்குள் பையில் ஸ்டிக்கர் இருந்தால்தான் கடைவீதி மளிகைக்காரர் அலமாரியில் இடம் தருவார். இல்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ.

பச்சை வட்டம். பின்னால் மலை. முன்னால் தங்க நிறத்தில் கொழுத்த கதிர். என்ன குறை?

"நல்லாத்தான் இருக்குதுக்கா. வேற மாதிரி இருக்கட்டும்."

எந்த மாதிரி? சொல்ல மாட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

செப். 9, செவ்வாய்

தூறல். நாலு சொட்டு விழுந்ததும் நின்றுவிட்டது. ஏமாற்று வேலை.

இரண்டாவது படம். கதிரை இன்னும் கொழுக்க வைத்தேன். மலையை எடுத்துவிட்டுச் சூரியன். போனில் அனுப்பினேன். பூங்கொடி (இனி வெறும் பூ.) கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் குசுகுசு. யாரோ சிரித்தார்கள்.

"கலரு சூப்பருக்கா. ஆனா..."

"ஆனா இன்னா?"

"ஒண்ணுமில்லக்கா."

ஒன்றுமில்லையாம். ஒன்றுமில்லாததற்கு எதற்கு இரண்டு நாள்?

இனி இந்தக் கடையில் சொல்லக்கூடாதவை:
1. வேற மாதிரி
2. கொஞ்சம் லைட்டா
3. எதுக்கும் இன்னொண்ணு போடுங்க
4. ஒண்ணுமில்லக்கா

"இன்னாமே, மானிட்டரையே மொறச்சுக்கினு இருக்க? அது இன்னா பண்ணுச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"அப்போ உங்கள மொறைக்கட்டுமா?"

டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு வாங்கி வரவில்லை.

தலைக்கு எண்ணெய் வைக்க மறந்துபோனேன். அதற்கும் பூ.தான் காரணம்.

செப். 10, புதன்

புழுக்கம். மூன்றாவது படம். இரண்டு கதிர், கீழே சிவப்பு நாடா, நாடாவில் பெயர். இதைப் பார்த்து வேண்டாம் என்கிறவர்களுக்குக் கண்ணில் கோளாறு என்று நினைத்தேன்.

பூ.: "படமே வாணாங்கா. பேரு மட்டும் போட்டுக் குடுத்துடுங்க."

படமே வேண்டாமாம்! என் பிரியாணியில் உப்பு இல்லை என்று மாமியார் சொன்னபோதுகூட இவ்வளவு எரியவில்லை. வெறும் எழுத்துக்கு நான் எதற்கு? ரேஷன் மூட்டையில்கூட எழுத்து இருக்கிறது.

"ஏம்மா, என் படத்துல அப்பிடி இன்னா குத்தம்? வாயத் தொறந்து சொல்லேன்."

"குத்தம்லாம் இல்லக்கா. வெச்சிடறேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். வைக்க வேண்டியது நானல்லவா?

நாளை நேரில் போகிறேன். எடுத்துப்போக வேண்டியவை: மூன்று படங்கள், பென்சில், குடை, தண்ணீர். திட்ட வேண்டியதை மனப்பாடம் செய்தாகிவிட்டது.

செப். 11, வியாழன். வெள்ளிமலை போய் வந்து எழுதுவது

கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற்றம். குளிர்ந்த காற்று. கோபம் குறைந்துவிடுமோ என்று பயம். பக்கத்து சீட்டு அம்மா, "மலைல ஆரு வூட்டுக்குங்க?" என்று கேட்டார்.

"சண்டைக்குப் போறேன்."

"அப்ப ஜன்னல்பக்கம் வாங்க. காத்தாட உக்காந்து போங்க."

வருவதைப் போனில் சொல்லியிருந்தேன். இறங்கியதும் பூ. ஓடி வந்து குடையை வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். அவள் தலையைக் குனிந்தபடி வந்தாள். மனப்பாடம் தீர்ந்துபோனது. வேறு எதையாவது திட்டலாம் என்று பக்கத்து நிலத்தைப் பார்த்தேன். இடுப்புக்குச் சற்றுக் கீழ் வரை புல். தலைமுடி மாதிரி மெல்லிய கிளைகள், நுனியில் பொடிப்பொடியாக என்னவோ. காற்றடித்தால் மொத்தமும் ஒரே பக்கம் சாய்கிறது.

"நெலத்த இப்பிடியா போட்டு வெப்பாங்க? புல்லு மண்டிக் கெடக்குது!"

பூ. நின்றாள்.

"அதுதாங்கா சாமை."

கையில் என் மூன்று படங்கள். பார்த்தேன். நெல். மூன்றும் நெல். நல்ல கொழுத்த, தங்கநிற, மலைக்குக் கீழே விளைகிற நெல். இத்தனை வருஷம் சாமையைச் சோறாகத் தின்றிருக்கிறேன், மூட்டையில் பார்த்திருக்கிறேன். நிலத்தில் பார்த்ததில்லை. கதிர் என்றால் கை தானாக நெல்லைப் போட்டிருக்கிறது.

முதலில் என்மேல் கோபம். அது கஷ்டமாக இருந்ததால் உடனே அவள்மேல்.

"மூணு நாளா வாயில இன்னா வெச்சுக்கினு இருந்த? நெல்லு வரைஞ்சுட்டீங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"ஒருத்தங்க ஆசையா செஞ்சத மூஞ்சிக்கு நேரா தப்புன்னு எப்பிடிக்கா சொல்றது? நீங்க கம்ப்யூட்டர்லாம் தெரிஞ்சவங்க. கீழ சாமையே அப்பிடித்தான் வெளையுதோன்னுகூட நெனச்சேன்."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். பிறகு அவளே சொன்னாள்: "அந்தப் படத்த ஒட்டுனா, மலைச்சாமைன்னு சொல்லிட்டு கீழ இருந்து வாங்கி விக்கிறாளுங்கன்னு பேராயிடும்கா. பத்து பேரும் பாடுபட்டது வீணாயிடும். அதான் படமே வாணான்னேன்."

வரப்பிலேயே உட்கார்ந்தேன். பூ. ஒரு கதிரைப் பிடித்து நின்றாள். அது ஆடாமல் நிற்கவில்லை.

"ஆட்டாத."

"காத்துக்கா."

"காத்தையும் பிடி."

நாலாவது தாளில் வந்தது. வட்டம் இல்லை, சூரியன் இல்லை, நாடா இல்லை. ஒரே கதிர், சாய்ந்தபடி. மற்ற பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் "சூப்பர்" என்று சொல்லவில்லை. வயதில் மூத்தவர் மட்டும் நிலத்தைக் காட்டி, "நம்ம கொல்லைதான்" என்றார்.

சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மாதிரிக்கு என்று ஒரு பிடி கதிரைக் கொடுத்தனுப்பினாள்.

பஸ்ஸில் திரும்பவும் கோபம். மூன்று நாள்! பாவி, மூன்று நாள்!

செப். 12, வெள்ளி

மேகமூட்டம். காலையிலேயே அச்சு. பூ. முதல் பஸ்ஸில் வந்து கடையிலேயே உட்கார்ந்து ஒட்டினாள். மளிகைக்காரர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா கதிரு ஒல்லியா கீது?" என்றார்.

"சாமை அப்பிடித்தான் இருக்கும். ஒங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றேன்.

அலமாரியில் இரண்டாவது தட்டு. பூ. தூர நின்று பார்த்தாள், கிட்டே போய்ப் பார்த்தாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடினாள்.

மாதிரிக் கதிரைக் கம்ப்யூட்டர் மேல் வைத்திருந்தேன். ஜும்மா தொழுகை முடிந்து வந்த வீட்டுக்காரர், நல்ல துடைப்பமாக இருக்கிறதே என்று எடுத்துக் கீபோர்டைத் தூசி தட்டியிருக்கிறார். சாமை முழுக்க உள்ளே. ஸ்பேஸ் பட்டன் அமுங்கவில்லை, இரண்டு பெயருக்கு நடுவே இடம் விழ மாட்டேன் என்கிறது. நாளைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் இப்போதே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.