ஒப்பிடுவதற்கு ஒரு ஜாடிச் சேறு

வடகரை,
8.7.2025

அன்புள்ள ஜெனிக்கு,

நலம்தானே? இங்கே சாரல் விட்டபாடில்லை, துவைத்த துணி காயமாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் யூசுப்புக்கு ஷார்ஜாவில் வெயில் தாங்கவில்லையாம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் கேட்க நினைப்பதைப் போனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால் காலேஜ் நாட்களைப் போலக் கடிதம் எழுதி, உன் ஆய்வகத்துக்கு அனுப்புகிற ஓடைச் சேற்று மாதிரிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஓடைப் பாலத்தில் டேங்கர் கவிழ்ந்து கொட்டிய கறுப்பு எண்ணெய் தண்ணீரோடு போய்விட்டது என்று ஊரே நினைக்கிறது. அடியில் இருப்பது எனக்குத்தான் தெரிகிறது. முன்பெல்லாம் ஓடைக் கல்லைப் புரட்டினால், நல்ல தண்ணீரில் மட்டுமே வாழும் மூன்று வால் பூச்சிகள் சிதறி ஓடும். மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள் இருக்கும். இப்போது எதைப் புரட்டினாலும் சிவப்புப் புழுதான். கெட்டுப்போன சேற்றிலும் பிழைக்கிற ஜாதி அது. அடிச்சேற்றை அள்ளாமல் இந்த ஓடை தேறாது. கம்பெனி அதை அள்ளுமா இல்லையா என்பது நீயும் நானும் கையெழுத்துப் போட்டுக் கலெக்டருக்குக் கொடுக்கப்போகிற அறிக்கையில் இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே. எண்ணெய் படாத இடத்துச் சேற்றை ஒப்பிடுவதற்காக எடுக்க, ஞாயிற்றுக்கிழமை நீ குற்றாலம் வந்தாயாம். கூப்பிடு தூரத்தில் இருக்கிற என்னிடம் ஏன் சொல்லவில்லை? பிரியாணிக்குக்கூட வரவில்லை. உன் ஆய்வகத்துக்கு டேங்கர் கம்பெனிதான் படியளக்கிறது என்று நான் வேலை பார்க்கும் காலேஜில் பேசிக்கொள்கிறார்கள். நான் நம்பவில்லை. நம்பாமல் இருக்க நீதான் உதவ வேண்டும்.

உன்,
ஹஸீபா

தூத்துக்குடி,
14.7.2025

ஏட்டி ஹஸீபா,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு கொஞ்சம் வலித்தது. எங்களுக்கு வேலை கொடுத்தது டேங்கர் கம்பெனிதான். அதை நான் எப்போது மறைத்தேன்? யார் கொடுத்தாலும் புழு புழுதான்.

அன்று அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று மேலகரத்துக்கு ஓடிவந்தேன். அவர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, அப்படியே செண்பகாதேவி அருவிக்கு மேலே ஏறி மாதிரி எடுத்தேன். உன் பிரியாணிக்கு எங்கே நேரம்?

முடிவைக் கேட்டால் நீயே திகைப்பாய். அந்த மலைத் தண்ணீரிலும் சிவப்புப் புழுதான் அதிகம். உன் ஓடைக்கும் அதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்படியானால் எண்ணெயால் அடியில் வாழும் உயிர்களுக்குக் கேடில்லை என்றுதானே எழுத முடியும்? சேறு அள்ளவும் தேவையில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுச் சீக்கிரம் அனுப்பு. காலி ஜாடிகளை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முடிந்தால் அம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா.

உன்,
ஜெனி

வடகரை,
24.7.2025

அன்புள்ள ஜெனிக்கு,

நீ சொன்னபடி அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறார்கள். "ஜெனி வச்ச கஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். "அவ எங்க வந்தா தாயி? ஈஸ்டருக்கு வந்தவதான். போன்லதான் பேசுதா" என்றார்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நீ காலி என்று அனுப்பிய ஜாடிகளில் ஒன்று காலியாக இல்லை. ‘செண்பகாதேவி, மேல்’ என்று உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. திறந்ததும் மசாஜ் எண்ணெயும் சீயக்காயும் வாடையடித்தன. சேற்றைக் கிளறினேன், ஷாம்பு பாக்கெட்டின் கிழிசல் வந்தது. வனத்துறை யாரையும் விடாத செண்பகாதேவிக்கு மேலே யார் போய்த் தலைக்குக் குளித்தார்கள்?

உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் போய் நிற்கிற ஊர் நம்முடையது. அந்த எண்ணெயெல்லாம் இறங்கி வருகிற இடத்தில், அதுவும் சீசன் ஞாயிற்றுக்கிழமையில், சேறு அள்ளியிருக்கிறாய். கெட்டதைக் கெட்டதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எப்படித் தெரியும்? வெளியூர்க்காரி செய்திருந்தால் தெரியாமல் செய்தாள் என்பேன். நீ மேலகரத்தில் பிறந்தவள்.

வனத்துறையில் அனுமதி வாங்கி, காவலர் செல்லச்சாமியோடு நேற்று நானே மேலே ஏறினேன். முதல் கல்லைப் புரட்டியதுமே மூன்று வால் பூச்சிகள் ஓடின. எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே எடுத்த மாதிரியில் பாதியை இத்துடன் அனுப்புகிறேன், மீதி காலேஜில் இருக்கிறது. உன் ஜாடியை நீக்கிவிட்டு இதை வைத்து அறிக்கையைத் திருத்து. ஏன் அப்படிச் செய்தாய் என்று சத்தியமாகக் கேட்கமாட்டேன். திருத்தாவிட்டால் கலெக்டருக்கு நான் தனியாக எழுதத்தான் வேண்டும். எழுத வைத்துவிடாதே ஜெனி. உன்னைச் சந்தேகப்பட்டு எனக்குப் பழக்கமில்லை.

உன்,
ஹஸீபா

தூத்துக்குடி,
1.8.2025

மதிப்பிற்குரிய முனைவர் ஹஸீபா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் 24.7.2025 தேதியிட்ட கடிதமும் மாதிரிகளும் கிடைக்கப்பெற்றோம். அவை ஒப்பந்தத்தில் குறித்த நாளில் எடுக்கப்பட்டவை அல்ல என்பதால் ஏற்க இயலவில்லை. அறிக்கை தங்கள் கையொப்பம் இன்றியே சமர்ப்பிக்கப்படும். தங்கள் ஜாடிகள் இனித் திருப்பி அனுப்பப்பட மாட்டா.

என் தாயாரை நேற்று இங்கே அழைத்து வந்துவிட்டேன். மேலகரத்தில் இனித் தாங்கள் விசாரிப்பதற்கு யாரும் இல்லை.

இப்படிக்கு,
ஜெ. ஜெனி
முதுநிலை ஆய்வாளர்