மரியாதையில் விட்டுப்போன ஊர்

மார்ச் 3

மாமா அனுப்பிய புது மடக்கு ஏணி இன்னும் கூடத்து மூலையில், காய்ச்சல்காரன் மாதிரி போர்வை போர்த்தி நிற்கிறது. சொந்த மாமா இல்லை. அப்பாவின் தொழில் கூட்டாளி, கடல் தாண்டிய ஊர்க்காரர். இருவரும் சேர்ந்து வடிவமைத்த ஏணியின் கீலை அவர் சொல்லாமல் மாற்றிவிட்டார். "கேக்காம மாத்தின கீலுல நான் கால் வைக்க மாட்டேன்" என்கிறார் அப்பா. இரண்டு பட்டறைகளிலும் வேலை நின்றுவிட்டது. பேச்சும்தான்.

மார்ச் 9

அப்பாவும் மாமாவும் போட்ட ஒப்பந்தத்தைப் படித்தோம். சண்டை வந்தால் நடுவர் தீர்ப்பார் என்றிருக்கிறது. விசாரணை எந்த ஊரில் என்ற இடத்தில் வெறும் கோடு. நினைவிருக்கிறது, நான் பக்கத்தில்தான் இருந்தேன். "உங்க ஊரே இருக்கட்டும்." "சேச்சே, உங்க ஊருதான்." தேநீர் ஆறும்வரை இழுத்து, கடைசியில் எழுதாமலே கையெழுத்துப் போட்டார்கள். நாவல்களில் அவமதிப்பால் போர் மூளும். எங்கள் வீட்டில் மரியாதையால்.

இப்போது இருவருக்கும் அவரவர் ஊர்தான் வேண்டுமாம். அதனால் நடுவரே இல்லை.

மார்ச் 10

அத்தை வக்கீல். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்பிள்ளை பேரே போடாம பத்திரிகை அடிச்சிருக்கியே, அண்ணா."

பிறகு விளக்கினார். ஊர் முடிவாகாவிட்டாலும், இந்த ஒப்பந்தத்துக்கு இங்கே போதிய தொடர்பு இருந்தால் இங்குள்ள நீதிமன்றமே நடுவரை நியமிக்கலாம். இல்லையென்று நீதிபதி நினைத்தால் கைவிரித்துவிடுவார். அப்புறம் ஏணியும் இல்லை, மாமாவும் இல்லை — ஒவ்வொரு வருகையிலும் எனக்குப் புத்தகம் கொண்டுவருகிற மனிதர்.

ஏப்ரல் 2

நடுவரை நியமிக்கக் கேட்டு அப்பா போட்ட மனுவுக்கு நாளை நீதிமன்றத்தில் விசாரணை. அப்பா ஒரே சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போடுகிறார்.

ஏப்ரல் 3

மாமா நேரிலேயே வந்திருந்தார். இளைத்திருக்கிறார். ஊரே குறிப்பிடாதபோது இந்த நீதிமன்றத்துக்கு இதில் என்ன வேலை என்று அவருடைய வக்கீல் அழகாக வாதாடினார். அப்படியானால் எங்கே கையெழுத்தானது என்று நீதிபதி கேட்க, வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார்.

"இவங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையிலதாங்க. முதல் ஏணியும் இவங்க கொல்லையிலதான் செஞ்சோம். இந்தப் பொண்ணுதான் ஆணி எடுத்துக் கொடுத்தா."

அவருடைய வக்கீல் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அத்தைக்குப் பேச மிச்சமே இல்லை.

ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர் ஒருவர் நடுவராகிறார். எந்த ஊர் என்பதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் அவரே முடிவு செய்வார் என்று உத்தரவு.

ஏப்ரல் 24

நடுவர் அம்மாள் முன் முதல் கூட்டம். எந்த ஊர் என்று கேட்டார். மாமா தொண்டையைச் செருமினார். "அவங்க ஊரே இருக்கட்டும்." அப்பா, பாவி மனுஷர், "அதெப்படி, அவ்வளவு தூரம் வந்திருக்காரு, அவரு ஊருதான்" என்றார்.

"முதல்லயும் இப்படித்தான் ஆரம்பிச்சதா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் ஊர்ப் பெயரை நடுவரே எழுதிக்கொண்டார்.

மே 11

தீர்ப்பு வர நாளாகும். அடுத்த விசாரணைக்கு வரும் மாமா ஓட்டலில் தங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விருந்தினர் அறைப் பரணை ஒழித்துக்கொண்டிருக்கிறார். உயரம் எட்டவில்லையே, எதில் ஏறினார் என்று எட்டிப் பார்த்தேன்.

கீழே தரையில், கூடத்து மூலையில் இருந்த போர்வை கிடக்கிறது.