அப்பா கொண்டுவந்த ஏதென்ஸ் விதி

என் ஆசை அப்பாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுத்திதி. அன்றைக்கே இங்கே ஜெர்மனியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தையும் வைத்திருக்கிறார்கள். வருகிற எல்லோர் கையிலும் உங்கள் நினைவு மலரைக் கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் விதியை நீக்குவதா என்று வாக்கெடுப்பு. மலருக்கு மூத்த மகள் ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று கேட்கத் தலைவர் வீட்டுக்கே வந்தார். "பிள்ளை, வாசிக்கிற ஆக்கள் அழவேணும்" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்த விதி எப்படி வந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது ரீச்சர் உடைந்த பூச்சட்டித் துண்டுகளைத் தந்து ஆளுக்கொரு பெயர் எழுதச் சொன்னார். அந்தக் காலத்து ஏதென்ஸில் அப்படித்தான் செய்தார்களாம். ஒரு மனிதர் அளவுக்கு மீறி வளர்கிறார் என்று சனங்கள் பயந்தால் அவர் பெயரைச் சட்டித்துண்டில் கீறிப் போடுவார்கள். கூடுதலான துண்டுகள் யாருக்கு விழுகின்றனவோ அவர் பத்து வருடம் ஊரைவிட்டு வெளியே இருக்கவேண்டும். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. அவருடைய காணி பூமியிலும் ஒருவரும் கைவைக்கமாட்டார்கள். என் வீட்டுப்பாடத்தைப் பார்க்க உட்கார்ந்த நீங்கள் அந்தப் பக்கத்தைவிட்டு எழும்பவேயில்லை.

பிறகு நூலகத்திலிருந்து கிரேக்க வரலாறாகவே எடுத்துவந்தீர்கள். பாண் சுடும் தொழிற்சாலைக்குப் போகிற ரயிலில் அகராதியும் கையுமாக இருந்தீர்கள். வீட்டில் எங்களுக்குச் சோறு ஆறிப்போகும், உங்களுக்கு ஏதென்ஸ் முடியாது. "உங்கட ஏதென்ஸில எனக்கும் அம்மாவுக்கும் வோட்டே இல்லை அப்பா. வெளியூர்ச் சனம் அங்கயே பிறந்து வளந்தாலும் அவைக்கும் இல்லை" என்று ஒருநாள் சீண்டினேன். "ஓம் பிள்ளை, அது அவையள் விட்ட பெரிய பிழை. நாங்கள் அதை விடாமல் செய்வம்" என்றீர்கள்.

செய்தீர்கள். வருடத்துக்கு ஒருமுறை சங்கத்தில் ஆணும் பெண்ணும் ஒரு கடதாசியில் பெயர் எழுதலாம், அல்லது வெறுமையாகப் போடலாம். பாதிக்கு மேல் ஒரே பெயர் வந்தால் அவர் மூன்று வருடம் பதவியில் இருக்கக்கூடாது. அது தண்டனையும் அல்ல, அவமானமும் அல்ல. அவரவர் தன் கையாலேயே எழுதவேண்டும் என்பதில் நீங்கள் பிடிவாதமாக நின்றீர்கள். ஏதென்ஸில் ஒரு கிணற்றிலிருந்து ஒரே ஆளின் பெயர் கீறிய துண்டுகள் குவியலாகக் கிடைத்தனவாம், எழுதிய கைகளோ கொஞ்சம்தானாம்; யாரோ முன்கூட்டியே எழுதிவைத்துச் சனங்களிடம் கொடுக்கப் பார்த்திருக்கிறார்கள்.

விதி நிறைவேறியது, நீங்களே தலைவரும் ஆனீர்கள். பதினொரு வருடம். பெட்டியில் ஒவ்வொரு வருடமும் வெறுங்கடதாசிகள்தான் விழுந்தன. நல்ல தலைவர்தான் அப்பா நீங்கள். ஆனால் போகப்போக ஒருவரையும் பேசவிடவில்லை. தமிழ் வகுப்பு நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்ட தாய்மாரை, "எனக்குத் தெரியும், இருங்கோ" என்று இருத்திவிட்டீர்கள். அவர்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். நான் வீட்டில் வைத்துச் சொன்னேன். நீங்கள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினீர்கள்.

அந்த வருடம் நான் என் கடதாசியில் உங்கள் பெயரை எழுதினேன்.

மற்றவர்களும் எழுதியிருந்தார்கள். பாதிக்கு மேல் மூன்று வாக்குகள். காரில் திரும்பும்போது அம்மா அழுதார். யார் எழுதியது என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். "தேடப்படாது. தேடினா அடுத்தமுறை ஒருத்தரும் பயமில்லாமல் எழுதமாட்டினம்" என்றீர்கள். நான் பின்சீட்டில் இருந்தேன். அப்போதே ஏன் நான் வாய் திறக்கவில்லை?

பிறகுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தைந்து வருடம் ஜெர்மனியில் இருந்தும் நீங்கள் குடியுரிமை எடுக்கவில்லை. ஊரிலிருந்து வரவேண்டிய பிறப்புச் சான்றிதழ் வரவேயில்லை, அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. இந்த நாட்டின் ஒரு தேர்தலிலும் நீங்கள் வாக்களித்ததில்லை. உங்கள் சொல்லுக்கு மதிப்பிருந்த ஒரே இடம் டோர்ட்மண்டில் வாடகைக்கு எடுத்த அந்த மண்டபம்தான். அங்கிருந்துதான் உங்களை இறக்கினேன். மூன்று வருடம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது உங்கள் இதயம் நின்றுபோனது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று டொக்டர் சொல்கிறார். எனக்கு மனம் ஆறவில்லை.

இப்போதைய தலைவர் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "அந்த விதிதான் அண்ணையைக் கொன்றது. ஏதென்ஸ்காரரே கைவிட்ட விசயம் எங்களுக்கு என்னத்துக்கு?" என்று வீடுவீடாகப் போகிறார். அம்மாவும் அதையே நம்பினார். ஏதென்ஸ் அதை எப்படிக் கைவிட்டது என்று நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்கள். இரண்டு பெரிய ஆட்கள், தங்களில் ஒருவர் போகவேண்டிவரும் என்று பயந்து, தங்கள் ஆதரவாளர்களைச் சேர்த்து மூன்றாவது ஆளை வெளியே அனுப்பிவிட்டார்கள். சனங்களுக்கு அந்த முறையே வெறுத்துப்போனது. இங்கேயும் பெயர் எழுதுகிற நாள் நெருங்குகிறது, பலர் முணுமுணுப்பது இந்தத் தலைவரின் பெயரைத்தான். அவர் உங்களுக்காகக் கவலைப்படுகிறாரா, தன் பதவிக் கதிரைக்காகவா?

விதி இருக்கட்டும் என்று நான் எழுந்து சொன்னால், அப்பாவைப் பறிகொடுத்த மகளே சொல்கிறாள் என்று சனம் கேட்கும். ஆனால் எழுதியது யார் என்பதை மறைத்துக்கொண்டு அந்த மரியாதையை வாங்க எனக்கு மனமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் இப்படி வந்திருக்கிறது.

நேற்று மத்தியானம் இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்பான்ர பேரை எழுதினனி?" என்று கேட்டார்.

"கனகாலம் இருந்திட்டார் அம்மா."

"அதை வீட்டில சொல்லியிருக்கலாம்தானே."

"சொன்னனான். வீட்டில வோட்டு இல்லையே அம்மா."

கத்தியை வைத்துவிட்டு வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் அலசினார். நான் கடதாசிகளை மடித்தேன், விரித்தேன், திரும்ப மடித்தேன். கடைசியில், "அச்சடிக்கக் குடு. அந்த மனிசன் இருந்தா அதைத்தான் சொல்லியிருக்கும்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குப் பக்கத்தில இருக்காதை" என்றார்.

வேறு கதிரையில் இருக்கிறேன், அப்பா. வாக்கெடுப்பு வரும்போது விதி இருக்கட்டும் என்று முதலாவதாக என் கை எழும்பும். அம்மா எந்தப் பக்கம் கை தூக்குகிறார் என்று நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் பெயரை எழுதிய,
உங்கள் மூத்த மகள்