முழங்காலுக்கு ஒரு ஜெபம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் மோன்டானாவில் நாங்கள் சுகம். அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் தாய்மார்களின் கூட்டத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். வியாழன்தோறும் சர்ச்சில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் ஜெபக் குறிப்பு சொல்வாள். கடைசியில் நான் ஜெபித்து முடிப்பேன். இந்த வாரம் புதிதாக வந்த ட்ரீனா, "பையனுக்கு எட்டு வயசாச்சு, இன்னும் வாசிக்க வரல. என்னால முடியலக்கா" என்று அழுதாள்.

"என் மூத்தவனும் லேட்டாதான் வாசிச்சான். விட்டுடாத" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் நீங்க ஜெபிக்கிறீங்க. உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மனதில் இருந்ததைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, வாயில் வந்ததைச் சொன்னேன்: "எங்கம்மாவுக்கு முழங்கால் வலி."

உங்கள் முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்று தெரியும். கர்த்தர் மன்னிக்கட்டும், நீங்களும் கோபிக்காதீர்கள். ட்ரீனா உங்கள் காலுக்குக் கம்பளி உறை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

தபால் வண்டி வந்துவிட்டது. நீங்கள் போடும் பீச் ஜாம் இரண்டு பாட்டில் வேண்டும். அனுப்பினால் உடையும், நீங்களே கொண்டுவாருங்கள். நீங்கள் நன்றாக நடந்து வருவதைப் பார்த்து, கர்த்தர் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்பார்கள் கூட்டத்தில் எல்லோரும். எந்த ஜெபத்தை என்பது எனக்குத்தான் தெரியும்.

உங்கள் மகள்,
கெர்ரி